வீட்டுச் சொல்லில் தொடங்குங்கள்: அகராதிக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு

பொருள் தெரியாத சொல் ஒன்று குறுக்கிட்டால்தான் நாங்கள் அகராதியைத் திறக்கிறோம். பொருள் கிடைத்ததும் மூடி வைத்துவிடுகிறோம். நான் இங்கே சொல்லித்தர நினைப்பது வேறொரு பழக்கம். நன்றாகத் தெரிந்த சொல்லோடு அகராதிக்குள் போவது, அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, அது வருமுன் அந்த இடத்தில் எது இருந்தது என்று துருவிப் பார்ப்பது. எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான பின்னேரப் பொழுதுபோக்கு எனக்குத் தெரிந்து இல்லை. எழுதாதவர்களுக்கும் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் தனி வசதி உண்டு. தமிழ் அகராதி வரலாற்றில் பாதி வேலை இந்த மண்ணில் நடந்திருக்கிறது. வீட்டுக்குள் புழங்குகிற சொற்களோ நாலைந்து நூற்றாண்டைச் சுமந்துகொண்டு நிற்கின்றன.

எந்தச் சொல்லில் தொடங்குவது

அன்பு, அறம், கடவுள் போன்ற பெரிய சொற்களை முதலில் எடுக்காதீர்கள். அவற்றைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருப்பார்கள், எது சரியென்று பிரித்தறியப் புதியவர்களால் முடியாது. இருக்கிற இடத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, துவாய், சப்பாத்து, காலையில் வாங்கிய பாண், கிணற்றடியில் சாத்தி வைத்த அலவாங்கு. இத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். கதிரை அவர்களுடைய கதேய்ரா, அலவாங்கு அவர்களுடைய அலவாங்கா, சப்பாத்து அவர்களுடைய சப்பாத்தோ.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகூட இல்லை. பிறகு வந்த ஒல்லாந்தர் 1795 வரை இருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் அவர்கள் விட்டுப்போன சொற்கள் குறைவு. கந்தோர், லாச்சி, நொத்தாரிசு, கக்கூஸ் என்று சில. ஆண்ட காலம் நீளமென்றால் சொல்லும் கூடுதலாக வந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். ஒல்லாந்தர் காலத்திலும் கரையோர ஊர்களில் பல சாதி மக்கள் தங்களுக்குள் கதைக்கப் பொதுமொழியாக இருந்தது கலப்புப் போர்த்துக்கேயந்தான். ஆகவே ஒரு சொல் போர்த்துக்கேயம் என்று தெரிந்தவுடன் “1658க்கு முன் வந்தது” என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள். பின்னாலும் வந்திருக்கலாம்.

இதே வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது திறப்பு. தமிழ்நாட்டில் இதைச் சாவி என்பார்கள், அது போர்த்துக்கேயரின் ஷாவே. போர்த்துக்கேயர் கோட்டை கட்டி ஆண்ட யாழ்ப்பாணத்தில் நாங்கள் திற என்ற வினையிலிருந்து வந்த தமிழ்ச் சொல்லை வைத்திருக்கிறோம். அவர்கள் ஆட்சி எட்டாத மதுரையிலும் தஞ்சாவூரிலும் அவர்களுடைய சொல் வழங்குகிறது. படையோடு மட்டும் சொல் வருவதில்லை, வியாபாரத்தோடும் வரும், கைத்தொழிலோடும் வரும், பக்கத்து ஊர்க்காரன் வாயிலிருந்தும் வரும். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பின்னேரம் யோசிக்கலாம்.

பேச்சுச் சொல்லை எழுத்துச் சொல்லாக்குவது

புதிதாக வருகிறவர்கள் கைவிட்டுப் போகிற இடம் இது. வாயில் வருகிற வடிவம் அகராதியில் இருக்காது. சில வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் பேச்சில் ன்ற என்பது ண்ட ஆகிவிடும். ஒன்று ஒண்டு, மூன்று மூண்டு, என்று எண்டு. வாழைக்கண்டு என்று கேட்டால் கன்று என்று தேட வேண்டும். நூற்கண்டு என்பதில் வருகிற கண்டு வேறு, அது எழுத்திலும் கண்டுதான்.

ர, ல இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரக்கூடாது என்ற பழைய மரபைப் பல அகராதிகள் பின்பற்றும். லாச்சியை லகரத்தில் காணாவிட்டால் இலாச்சி என்று இகரத்தில் தேடுங்கள். யன்னலை ச, ஜ இரண்டிலும் பாருங்கள்.

வினைச்சொல்லுக்குக் கதைக்கிறேன் என்று தேடிப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் அது கதைத்தல். வின்சுலோவின் அகராதியில் கதை என்று தலைப்பிட்டு, பக்கத்தில் க்கிறேன், த்தேன், ப்பேன் என்று முடிவுகளைக் கொடுத்திருக்கும்.

பழைய அச்சில் வளைந்த ணை, லை, ளை, னை, தனியெழுத்தாக நிற்கும் ணா, றா, னா எல்லாம் வரும். ஒரு நாள் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். மெய்யெழுத்தை வரிசையில் எங்கே வைப்பது என்பது நூலுக்கு நூல் மாறலாம், தேடியது இல்லையென்று மூடுமுன் முன்னுக்கும் பின்னுக்கும் சில பக்கம் புரட்டுங்கள். அந்தப் புரட்டலில் தேடாத சொல் ஒன்று கண்ணில் படும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் இந்தப் பழக்கத்தின் பாதிச் சந்தோஷம்.

எந்த அகராதியை முதலில்

புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள்.

முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இன்றைக்குச் சொல் எப்படி வழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொல்லும். இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனியாகக் குறியிட்டுத் தருவதால் எங்களுக்கு மிகவும் உதவும். 1992இல் வந்த முதற் பதிப்பைவிட 2008, 2020 பதிப்புகளைத் தேடுங்கள்.

அடுத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு அனுபந்தமும் சேர்ந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இதில் பொருளைவிட அடைப்புக்குள் இருக்கும் சிறு குறிகளைத்தான் முதலில் பாருங்கள். ஆங்கிலத்தில் ஜே என்ற எழுத்து மட்டும் நின்றால் அது யாழ்ப்பாண வழக்கு. டபிள்யூ நின்றால் வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்தது. போர்த்துக்கேயம், உருது, தெலுங்கு, ஒல்லாந்தம் என்று மூலமொழியையும் சுருக்கக் குறியால் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பொருளிலும் சொல் எந்த நூலில் வந்திருக்கிறது என்பதையும் பல இடங்களில் காணலாம். முகவுரைப் பக்கங்களில் உள்ள குறிவிளக்கத்தைப் படியெடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பேரகராதியை வாசிப்பது வீண் சிரமம்.

அந்த டபிள்யூவைத் தொடர்ந்து போனால் வழி நேரே எங்கள் ஊருக்குத் திரும்பும். மிரன் வின்சுலோ உடுவிலில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது, 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அதற்கான சேகரிப்பு அவருக்கு முன்பே, நல்லூரில் இருந்த ஜோசப் நைற் என்ற பாதிரியார் கையில் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. நைற் தொடங்கிய வேலையிலிருந்து விளைந்த இன்னொரு நூல் 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வந்த யாழ்ப்பாண அகராதி. மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். 58,500 சொற்கள், பொருள் முழுவதும் தமிழிலேயே. சந்திரசேகர பண்டிதர் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படும்.

அதற்கும் பின்னால் போனால் வீரமாமுனிவரின் சதுரகராதி, 1732. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு, அதனால் சதுர். சொற்களை எழுத்து வரிசையில் அடுக்குகிற முறையை நிலைநிறுத்தியது இதுதான். அதற்கு முந்தியவை திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள். இவை செய்யுளில் இருக்கும். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுதி தொகுதியாக ஓடும். திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவை. சூடாமணி நிகண்டை உரையோடு 1849இல் அச்சிட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

இப்படிப் பின்னோக்கிப் போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. சொல் 1862இல் இருக்கிறது, 1842இலும் இருக்கிறது, 1732இல் இல்லை என்றால், எங்கே தேட வேண்டும் என்று ஒரு திசை கிடைக்கிறது. அகராதியில் இல்லாததால் மட்டும் வழக்கில் இல்லை என்று ஆகிவிடாது, அதையும் மனதில் வையுங்கள். தொகுத்தவர்களுக்குக் கக்கூஸ் எழுதத்தக்க சொல்லாகப் பட்டிருக்காது.

இடையில் இரண்டு பெயரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையின் தமிழ்ப் பேரகராதி 1899இல் வந்தது. திரு.வி.க.வின் ஆசிரியர் அவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 முதல் வெளியிட்ட தமிழ்ச் சொல்லகராதியைத் தொகுத்தவர் உடுப்பிட்டி கு. கதிரைவேற்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் அகராதிக்காரர். அவர்கள் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கதிரைவேல் என்பதில் உள்ள கதிரை உட்காருகிற கதிரை இல்லை, கதிர்காமம். எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அகராதியில் ஒரே தலைப்பு இரண்டு மூன்று முறை வந்தால் எல்லாவற்றையும் வாசியுங்கள்.

எங்கே கிடைக்கும்

கையில் எடுத்துப் புரட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதி, மாணவராக இருந்தால் திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகம். பொது நூலகத்தில் 1981இல் எரிந்தவை 97,000 அளவான நூல்கள், ஓலைச்சுவடிகளும் அதில் போயின. பழைய யாழ்ப்பாணப் பதிப்பு ஒன்றை அங்கே தேடிக் கிடைக்காமல் திரும்புகிறவர் அந்த இழப்பை நேரடியாக உணர்வார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருள்ள எண்ணிம நூலகத்தில் இங்கே அச்சான பழைய நூல்கள் ஏராளமாக வருடி வைக்கப்பட்டிருக்கின்றன, கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் தென்னாசிய அகராதிகளை இணையத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. சென்னைப் பேரகராதி, வின்சுலோ, பெப்ரிசியசு பாதிரியாரின் அகராதி எல்லாம் அங்கே உண்டு, தமிழ் எழுத்திலேயே தேடலாம்.

அங்கேயே பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கிறது. முதலில் 1961, திருத்திய பதிப்பு 1984. தமிழ்ச் சொல்லுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, இன்னும் எழுத்தில்லாத சின்ன மொழிகளில் என்ன உறவுச் சொல் இருக்கிறது என்று ஒரே எண்ணின் கீழ் அடுக்கியிருப்பார்கள். கதை பறைச்சல் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லும் பறைச்சலை அதில் பாருங்கள். மலையாளத்துப் பறயுக பக்கத்தில் நிற்கும். நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகள் 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியும் கட்டாயம் பார்க்க வேண்டியது. தனியொரு மனிதர் அத்தனை மொழிகளைக் கற்று, தமிழ் வேர்களை உலக மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த உழைப்பு அது. ஐரோப்பிய மொழிகளோடு அவர் காட்டும் தொடர்புகளைப் பிற்கால மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆகவே அவரை வாசித்துவிட்டு மற்ற அகராதியிலும் சரிபாருங்கள்.

பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் பழசு

வெளியிலிருந்து வந்த சொற்களைத் தேடிப் பழகிய பிறகு உள்ளேயே இருந்தவற்றுக்கு வாருங்கள். என் மனதில் முதலிடம் உது என்ற சொல்லுக்கு.

“அ இ உ அம்மூன்றும் சுட்டு” என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் அ, இ இரண்டும் இருக்க, உ வழக்கொழிந்துவிட்டது. எங்கள் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது. என் கையில் இருப்பது இது. இருவருக்கும் தூரத்தில் இருப்பது அது. உங்கள் கையில் இருப்பது உது. “உதை இஞ்சை தாங்கோ” என்றால் எதைக் கேட்கிறார் என்று மயக்கமே வராது. தொரொன்ரோவில் இருக்கும் பிள்ளையோடு தொலைபேசியில் கதைக்கிற தாய், “உங்கை இப்ப குளிரோ?” என்று கேட்பார். நீ இருக்கிற அந்த இடத்தில் என்று விரித்துச் சொல்ல வேண்டியதை ஒரு உகரம் சுமக்கிறது. உவன், உவள், உவர், உப்பிடி என்று இதன் குடும்பம் பெரிது. ஒரு நாள் முழுக்க வீட்டில் யார் எப்போது உது சொல்கிறார்கள் என்று கவனித்து எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு தொல்காப்பியத்தின் அந்த ஒற்றை வரி வேறு மாதிரி வாசிக்கும்.

பேந்து என்பதும் அப்படித்தான். பிறகு என்ற பொருளில் சொல்கிறோம். பெயர்ந்து என்பது தேய்ந்து பேந்து. பழைய நூல்களில் பெயர்த்தும் என்றால் மறுபடியும் என்று பொருள். கெதியாய் வா என்பதில் வடமொழியின் கதி இருக்கிறது.

ஆட்களிடம் கேட்பது

அகராதி முடிகிற இடத்தில் ஆச்சிமார் தொடங்குகிறார்கள். கேட்கும்போது சொல்லைச் சொல்லிக் கேட்காதீர்கள், பொருளைக் காட்டிக் கேளுங்கள். “இதுக்குச் சரியான தமிழ் என்ன?” என்று கேட்டால் அவர்கள் உடனே புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள், தங்கள் சொல்லை மறைத்துவிடுவார்கள்.

திருநெல்வேலிச் சந்தையில் பனம்பொருள் விற்கிற இடம் இதற்கு அருமையான பள்ளிக்கூடம். “எணை ஆச்சி, உது என்ன?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். “இதோ? இது பூரான் மோனை. உந்த வெறுங்கோதுதான் ஊமல்” என்று தொடங்கினால், அடுத்த கதையை நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. முளைவிட்ட பனங்கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக இருப்பது பூரான். கடிக்கிற பூரானும் அதே எழுத்துத்தான். ஒரு பனைக்குள் எத்தனை சொல் என்று பாருங்கள்: வடலி, குருத்து, காவோலை, கங்குமட்டை, பாளை, நுங்கு, பினாட்டு, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி வைக்கும் குட்டான், கூழ் குடிக்கும் பிளா. ஒவ்வொன்றையும் மானிப்பாய் அகராதியிலும் பேரகராதியிலும் தேடி, இருக்கிறது, இல்லை, வேறு பொருள் என்று பக்கத்தில் குறித்தால் ஒரு மாதத்துக்குப் போதுமான வேலை.

இதில் பன்னாடையை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. இப்போது அது வசைச்சொல். மட்டையடியில் வலைபோல இருக்கும் அந்த நாரை முன்பு வடிகட்டப் பயன்படுத்தினார்கள். நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைப்பது, உரைகாரர் சொல்லும் பன்னாடை அதுதான். திட்டுகிறவருக்குத் தெரியாமலேயே அவர் வாயில் நன்னூல் இருக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் சாட்சி

வீட்டில் பழைய காணி உறுதி இருந்தால் அதை வாசியுங்கள். திகதி போட்ட ஆவணம் என்பதால் சொல்லுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தோம்பு, வளவு, பரப்பு, குழி, இலாச்சம், துலா, கிணற்றுப் பங்கு என்று வரிசையாக வரும். தோம்பு போர்த்துக்கேயரின் தொம்போ, காணிப் பதிவேடு. எழுதியவரைக் குறிக்கும் நொத்தாரிசு ஒல்லாந்தம். இரண்டு ஆட்சியும் ஒரே தாளில் நிற்பதைப் பார்க்கலாம். சொல்லையும் ஆண்டையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், உறுதியைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எதை நம்புவது

ஓசை ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொல் உறவாகிவிடாது. உலகத்துச் சொல் எல்லாம் தமிழிலிருந்து போனது என்று எழுதுகிறவர்கள் தமிழுக்கு நன்மை செய்யவில்லை, உண்மையில் போனவற்றையும் சந்தேகத்துக்குரியவை ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் சுருட்டுத்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது, கட்டுமரம் கற்றமரான் ஆனது. இவற்றுக்குக் கப்பற்காரர் எழுதிவைத்த சான்று இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது, போன வழியும் தெரிகிறது. அந்த மூன்றும் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடன்சொல்லுக்கு இன்னொரு சோதனை சிங்களம். கந்தோர் சிங்களத்தில் கந்தோருவ, சப்பாத்து சபத்து, பாண் அங்கும் பாண். தீவில் இரண்டு மொழியிலும் இருந்து தமிழ்நாட்டில் இல்லையென்றால், சொல் இங்கேதான் இறங்கியது என்று நினைக்க இடமுண்டு.

தீராத சொற்களும் வரும். உட்காரும் வாங்கு இருக்கிறதே, போர்த்துக்கேயத்தில் பாங்கோ, ஒல்லாந்தத்தில் பாங்க், இரண்டுக்கும் அதே பொருள். பலர் முதலாவதைச் சொல்வார்கள். நான் கொப்பியில் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் என்று வையுங்கள். மேலே சொல், கேட்டபடியே. கீழே எழுத்து வடிவம், எந்தெந்த அகராதியில் எந்த ஆண்டில் இருக்கிறது, அடைப்புக்குறி என்ன சொல்கிறது, யார் வாயில் எந்த ஊரில் கேட்டது, அவர் வயது என்ன. பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், பிறகு நிரப்ப வரும். முதல் சொல்லுக்கு எதை எடுப்பது என்று யோசித்தால் தவறணையை எடுங்கள். போர்த்துக்கேயத்திலும் ஒல்லாந்தத்திலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், எது இங்கே வந்து கள்ளுத் தவறணை ஆனது என்று தேடத் தொடங்கினால், மேலே சொன்ன அத்தனை அகராதியையும் ஒருமுறை திறந்தாக வேண்டும்.